ஒரு பல்ப் போனதற்காக ஒரு கருவியைக் கைவிடலாமா?

பேராக் மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, ரப்பர் தோட்டங்களில் பிறந்தவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தில் இருந்தவர்கள் டவுனுக்குக் குடிபெயர்ந்தார்கள். சில பள்ளிகளும் அவர்களோடு இடம் மாறின. ஆனாலும் பெயரில் மட்டும் ‘தோட்டம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. நம் தோட்டப் பள்ளிகள் பல இந்த வகைதான்.

இத்தகைய பள்ளியின் பொருளறையைத் திறந்து பாருங்கள். பழைய வரைபடங்களுக்கும் விளையாட்டுப் போட்டிக் கொடிகளுக்கும் இடையே, கழுத்தை மடக்கிக்கொண்டு ஒரு சாம்பல் நிறப் பெட்டி கிடக்கலாம். அதுதான் ஓவர்ஹெட் புரொஜெக்டர். ஆசிரியர்கள் சுருக்கமாக ஓ.எச்.பி. என்பார்கள். மேலே ‘ரோசாக்’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். எது ரோசாக் என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பெரும்பாலும் அது ஒரு பல்ப்பாகவோ, ஒரு ஃபியூஸாகவோ, வெறும் தூசியாகவோதான் இருக்கும். பள்ளியில் இருக்கும் ஒன்றிரண்டு நவீன படவீழ்த்திகள் பழுதாகி நிற்கும் வாரத்தில், இந்தப் பழைய பெட்டி ஒரு வகுப்பைக் காப்பாற்றக்கூடும். அதோடு, தன் உறுப்பு ஒவ்வொன்றையும் ஆறாம் ஆண்டு மாணவனுக்குக் காட்டி விளக்கக்கூடிய கருவி இதைப்போல் வேறொன்று பள்ளியில் இருப்பது அரிது. ஆகவே அதைத் தூக்கி எறியும் முன் இந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

ஒளி போகும் பாதை

பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், முதலில் ஒளி எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் சுண்டுவிரல் அளவே உள்ள ஹாலோஜன் பல்ப் ஒன்று இருக்கிறது. அதன் பின்னாலோ அடியிலோ குழிந்த கண்ணாடி ஒன்று, வீணாகப் பின்னே போகும் ஒளியை மேலே திருப்பி விடுகிறது. மேலே போகும் ஒளி, நீங்கள் தாளை வைக்கும் கண்ணாடித் தளத்துக்குக் கீழே ஒரு சதுர நெகிழித் தகட்டைச் சந்திக்கிறது. அந்தத் தகட்டை உற்றுப் பார்த்தால் இசைத்தட்டில் இருப்பதுபோல் வட்ட வட்டமாக நுண்ணிய வரிகள் தெரியும். இதுதான் ஃபிரெனல் வில்லை.

பிரெஞ்சு இயற்பியலாளர் ஒகஸ்தாம் ஃபிரெனல், கலங்கரை விளக்குகளுக்காக இந்த வில்லையை வடிவமைத்தார். 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கில் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. ஒளியை வளைப்பது வில்லையின் வளைந்த மேற்பரப்புதான். நடுவில் உள்ள கனத்த கண்ணாடிக்கு அதில் பெரிய பங்கில்லை. எனவே கனத்தை நீக்கிவிட்டு, வளைவை மட்டும் வளையம் வளையமாக வெட்டி ஒரே தட்டில் அடுக்கினால் போதும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தைச் சேர்ந்த ரோஜர் அப்பல்டோர்ன், இதே வரிகளை மெல்லிய நெகிழித் தகட்டில் வார்க்கும் வழியை உருவாக்கினார். கனமும் விலையும் மிகுந்த கண்ணாடி வில்லைக்குப் பதிலாக நெகிழித் தகடு வந்ததால்தான் இந்தக் கருவி பள்ளிகளுக்குக் கட்டுப்படியானது.

ஃபிரெனல் வில்லை, பல்ப்பின் ஒளி முழுவதையும் கூம்பு போலக் குவித்து, மேலே கழுத்தில் இருக்கும் முகப்புக்குள் அனுப்புகிறது. முகப்பில் ஒரு வில்லையும் சாய்ந்த கண்ணாடி ஒன்றும் உள்ளன. வில்லை உங்கள் தாளின் பிம்பத்தை உருவாக்குகிறது. கண்ணாடி அதைத் திரைப்பக்கம் திருப்பி விடுகிறது. ஆசிரியர் மாணவர்களைப் பார்த்தபடியே எழுதுவார். எழுத்து அவர் தலைக்கு மேலாகப் போய்ப் பின்னால் திரையில் விழும். கருவிக்குப் பெயர் வந்ததும் அதனால்தான்.

பல்ப், குழிக்கண்ணாடி, ஃபிரெனல், தளக்கண்ணாடி, முகப்பு வில்லை, சாய்கண்ணாடி. இந்த ஆறையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல்ப்பின் சூட்டை வெளியேற்ற ஒரு காற்றாடி உண்டு. அதையும் சேர்த்தால் கருவி முடிந்தது.

தொடும் முன்

முதலில் பாதுகாப்பு. சுவரில் சுவிட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கைக் கழற்றி உங்கள் கண்ணெதிரே மேசைமேல் வையுங்கள். கருவி எரிந்துகொண்டிருந்ததென்றால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஹாலோஜன் பல்ப்பின் மேற்பரப்பு, வேலை செய்யும்போது 250 பாகை செல்சியசைத் தாண்டும்.

பல்ப் மாற்றுவது, துடைப்பது, பிளக்கின் ஃபியூஸை மாற்றுவது ஆகியவற்றை ஆசிரியரே செய்யலாம். உள்ளிருக்கும் மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், காற்றாடி மோட்டார் ஆகியவற்றில் கை வைக்க வேண்டுமானால் உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். மாணவர்கள் பார்க்கலாம், பிளக் செருகியிருக்கும் கருவியின் மூடியை அவர்கள் திறக்கக் கூடாது. எரியும்போது முகப்புக்குள் நேராகப் பார்க்கவும் கூடாது.

காற்றாடியும் இல்லை, ஒளியும் இல்லை

இரண்டும் இல்லையென்றால் பல்ப்பைச் சந்தேகிக்க வேண்டாம். மின்சாரமே கருவிக்குள் வரவில்லை. வெளியிலிருந்து உள்ளே போங்கள். அதே சுவர்ப் பிளக்கில் வேறொரு பொருளைச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால், மூன்று கால் பிளக்கைத் திறந்து அதன் உள்ளே இருக்கும் சிறு ஃபியூஸைப் பாருங்கள். நம் நாட்டுப் பிளக்குகளில் 3, 5, 13 ஆம்பியர் ஃபியூஸ்கள் கிடைக்கின்றன. 400 வாட் கருவி 230 வோல்ட்டில் 1.7 ஆம்பியர்தான் இழுக்கும். கருவியின் ஏட்டில் சொன்ன ஃபியூஸையே போடுங்கள். கிடைத்தது இதுதான் என்று 13 ஆம்பியரைச் செருகினால், மெல்லிய கம்பி சூடாகி உருகும்போதும் ஃபியூஸ் சும்மா இருக்கும்.

அடுத்தது மூடி. பல கருவிகளில் மேல் தளத்தைத் திறந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும்படி ஒரு சின்னச் சுவிட்ச் வைத்திருப்பார்கள். மூடி சரியாக அமராமல் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தாலும் கருவி உயிரற்றதுபோல் கிடக்கும். தளத்தை இரண்டு கையாலும் மெல்ல அழுத்திப் பாருங்கள்.

பிறகு மின்கம்பி. பழைய கருவிகள் சிலவற்றின் கம்பிக்கு ரப்பர் உறை உண்டு. கருவியின் கால்களும் ரப்பர்தான். 1877-இல் கோலகங்சாரில் நட்ட 9 ரப்பர் கன்றுகளோடு பேராக்கின் ரப்பர் கதை தொடங்குகிறது. அந்த மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு ரப்பரின் பலவீனமும் தெரியும். ரப்பர் மூலக்கூறுகளில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் சிறிது சிறிதாக வெட்டுகின்றன. வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது. இருபது முப்பது ஆண்டுகளில் உறை வெடித்துக் கீறல் விடும், அல்லது பிசுபிசுக்கும். கம்பியை மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் டேப் சுற்றி ஓட்ட வேண்டாம். கம்பி முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள். உலோகப் பெட்டிக்குள் மூன்றாவது கம்பியான நிலக்கம்பி ஒழுங்காக இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே சோதிக்கச் சொல்லுங்கள்.

காற்றாடி சுற்றுகிறது, ஒளி இல்லை

இதுதான் அடிக்கடி நடப்பது. முதல் சந்தேகம் பல்ப். பல கருவிகளில் இரண்டு பல்ப்புகள் பொருத்தி, பக்கவாட்டில் ஒரு நெம்புகோல் வைத்திருப்பார்கள். அதைத் தள்ளினால் இரண்டாவது பல்ப் இடத்துக்கு வரும். பாடம் நடுவில் நிற்காமலிருக்க இந்த ஏற்பாடு. ஆனால் பல பள்ளிகளில் முதல் பல்ப் போனதும் இரண்டாவதற்கு மாற்றிவிட்டு, போனதை மாற்ற மறந்துவிடுவார்கள். பிறகு இரண்டாவதும் போகும். அன்றைக்குத்தான் கருவி ‘ரோசாக்’ ஆகிறது.

பல்ப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். இழை அறுந்திருந்தால் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மல்டிமீட்டரால் இரண்டு கால்களையும் தொட்டுப் பாருங்கள். நல்ல பல்ப்பில் மிகக் குறைந்த மின்தடை காட்டும். 24 வோல்ட் 250 வாட் பல்ப் எரியும்போது அதன் மின்தடை சுமார் 2.3 ஓம். ஆனால் ஆறியிருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோதான் இருக்கும். எனவே மீட்டர் பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் பயப்பட வேண்டாம்; பல்ப் நன்றாகத்தான் இருக்கிறது. சுவிட்ச் போடும் அந்த நொடியில்தான் பல்ப்புகள் பெரும்பாலும் போகின்றன என்பதற்கும் இதுவே காரணம். குளிர்ந்த இழை தடுக்காததால் முதல் நொடியில் மின்னோட்டம் பல மடங்கு பாய்கிறது; இழையில் மெலிந்த இடம் இருந்தால் அங்கே அறுந்துவிடும்.

புது பல்ப் போட்டும் எரியவில்லையா? பல்ப்பின் கால்கள் நுழையும் பீங்கான் சாக்கெட்டைப் பாருங்கள். மேலே சொன்ன பல்ப் 10 ஆம்பியருக்கும் மேல் இழுக்கிறது. தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை ஏற்பட்டாலும் அந்த ஊசிமுனை இடத்தில் 10 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். உலோகம் கருகும், கருகினால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் கருகும். கறுத்துப்போன சாக்கெட்டில் புது பல்ப்பைப் போடுவது பணத்தை எரிப்பதற்குச் சமம். சாக்கெட்டை மாற்றிவிட்டுப் பல்ப்பைப் போடுங்கள்.

விரல் படாத பல்ப்

ஹாலோஜன் பல்ப்பை வெறுங்கையால் தொடாதே என்று எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கும். ஏன்?

சாதாரண பல்ப்பில் டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியில் கறுப்பாகப் படியும். ஹாலோஜன் பல்ப்பில் சிறிதளவு புரோமின் அல்லது அயோடின் சேர்த்திருப்பார்கள். அது ஆவியான டங்ஸ்டனைச் சுவரில் படியவிடாமல் பிடித்து, சூடான இழைக்கு அருகில் கொண்டுபோய் விட்டுவிடும். இந்தச் சுழற்சி நடக்கப் பல்ப்பின் சுவர் மிகவும் சூடாக இருக்க வேண்டும். அதனால்தான் சுவரைச் சாதாரணக் கண்ணாடியில் செய்யாமல் குவார்ட்சில் செய்கிறார்கள்; பல்ப்பும் அவ்வளவு சிறியதாக இருக்கிறது.

நம் விரலில் எண்ணெயும் வியர்வையின் உப்பும் உண்டு. அந்த உப்பு, சூட்டில் குவார்ட்சின் அமைப்பையே மாற்றிப் பால்நிறத் திட்டாக்கிவிடும். அந்த இடம் பலவீனமாகி, பல்ப் உப்பலாம், வெடிக்கவும் கூடும். ஆகவே பல்ப்பை அதன் உறையோடு பிடித்துச் செருகுங்கள். செருகிய பிறகு உறையை உருவுங்கள். தப்பித்தவறி விரல் பட்டால், பல்ப் ஆறியிருக்கும்போது மருந்துக் கடையில் வாங்கும் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

பல்ப் வாங்கும்போது வோல்ட்டும் வாட்டும் காலின் வடிவமும் மூன்றும் பொருந்த வேண்டும். 24 வோல்ட் 250 வாட், 36 வோல்ட் 400 வாட், 82 வோல்ட் 360 வாட் என்று பல வகை உண்டு. பழைய பல்ப்பைக் கையோடு கொண்டுபோவதே நல்லது. பெரிய வாட் போட்டால் வெளிச்சம் கூடும் என்று முயலாதீர்கள். காற்றாடியும் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல.

ஏன் நம் பல்ப் சீக்கிரம் போகிறது?

இத்தகைய பல்ப்புகளுக்கு நிர்ணயித்த ஆயுளே 50 முதல் 75 மணி நேரம்தான் இருக்கும். ஆனால் அதற்கும் முன்பே போவதற்கு நாம் ஒரு காரணம், மின்னழுத்தம் ஒரு காரணம்.

மலேசியாவில் முன்பு 240 வோல்ட் என்று இருந்த மின்னழுத்தம், 2008 ஜனவரி முதல் 230 வோல்ட் என்று நிர்ணயிக்கப்பட்டது. 6 விழுக்காடு குறையவும் 10 விழுக்காடு கூடவும் அனுமதி உண்டு. அதாவது 216 முதல் 253 வோல்ட் வரை வரலாம். பல்ப்பின் ஆயுளோ மின்னழுத்தத்தின் சிறு மாற்றத்துக்கும் பெரிதாக ஆடிப்போகும். பொறியாளர்கள் போடும் பொதுக் கணக்கின்படி, 5 விழுக்காடு கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். 5 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு குறையும். ஆயுளோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

220 வோல்ட்டுக்கு என்று செய்த கருவியை 240 வோல்ட்டில் ஓட்டினால் பல்ப்புக்கு 9 விழுக்காடு அதிகம் போகிறது. ஆயுள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். எனவே கருவியின் பின்னால் இருக்கும் தகட்டைப் படியுங்கள். சில கருவிகளில் டிரான்ஸ்ஃபார்மரை 220 அல்லது 240 என்று மாற்றி இணைக்கும் வசதி உண்டு. வயர்மேனிடம் சொன்னால் மாற்றித் தருவார். முன்பக்கச் சுவிட்ச்சில் ‘அதிகம்’, ‘குறைவு’ என்று இரண்டு நிலை இருந்தால் எப்போதும் ‘குறைவு’ நிலையில் ஓட்டுங்கள். சன்னல் திரையை இழுத்துவிட்டாலே வகுப்பறைக்கு அது போதும்.

இன்னொன்று, சூடான இழை இளகியிருக்கும். அணைத்த உடனே கருவியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு ஓடினால் குலுக்கலில் இழை அறுந்துவிடும். பல கருவிகளில் சுவிட்ச்சை அணைத்த பின்னும் காற்றாடி சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது பழுதல்ல, சூட்டை வெளியேற்றுகிறது. அது தானாக நின்ற பிறகே பிளக்கைக் கழற்றுங்கள்.

பத்து நிமிடத்தில் அணைந்துபோகிறதா?

நன்றாக எரிந்து, பத்து நிமிடத்தில் அணைந்து, ஆறியபின் மறுபடி எரிந்தால், உள்ளே இருக்கும் வெப்பக் காவல் தன் வேலையைச் செய்கிறது. கருவி அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். அந்தக் காவலைத் தாண்டிக் கம்பியை இணைத்து ஓட்டுவது தீயை அழைப்பதாகும்.

காற்று போகும் வழியைப் பாருங்கள். பல கருவிகளில் காற்றுத் துளைகள் அடியில்தான் இருக்கும். மேசைவிரிப்பின் மேல் வைத்தால் துணி துளைகளை அடைத்துக்கொள்ளும். தூசி ஒட்டடையாகக் காற்றாடி இறக்கையில் படிந்திருக்கும். நம் ஊர்ப் பொருளறையில் இன்னொரு விருந்தாளியும் உண்டு: குளவி. காற்றுத் துளைக்குள் மண்கூடு கட்டிவிடும். காய்ந்த தூரிகையால் இவற்றை அகற்றினால் பாதிக் கருவிகள் பிழைத்துக்கொள்ளும்.

மங்கல், நிறக்கரை, சாய்சதுரம்

படம் மங்கலாக இருந்தால் பல்ப் பழசாகிவிட்டது என்று நினைக்கிறோம். முதலில் கணக்குப் போடுங்கள். பல்ப்பிலிருந்து திரைவரை ஒளி ஏறக்குறைய பத்துப் பரப்புகளைத் தாண்டுகிறது. ஒவ்வொரு பரப்பிலும் தூசி 5 விழுக்காடு ஒளியைத் தின்றால், கடைசியில் 60 விழுக்காடுதான் மிஞ்சும். பல்ப்பை மாற்றுவதற்குமுன் துடையுங்கள்.

படத்தின் மூலைகளில் பழுப்போ நீலமோ தெரிகிறதா? ஃபிரெனல் தகட்டின் ஓர வரிகள் சிறு முப்பட்டகங்கள் போன்றவை. வெள்ளொளியை நிறங்களாகப் பிரிக்கும். பல்ப்பின் பிம்பம் சரியாக முகப்பு வில்லைக்குள் விழும்வரை அது தெரியாது. கருவியைத் திரைக்கு அருகிலோ தொலைவிலோ நகர்த்தினால் முகப்பின் உயரம் மாறுகிறது. பல்ப்பின் பிம்பம் விலகுகிறது. மூலையில் நிறம் தோன்றுகிறது. பக்கவாட்டில் பல்ப்பை மேலும் கீழும் நகர்த்தும் ஒரு குமிழ் இருக்கும். நிறம் மறையும்வரை அதைத் திருகுங்கள். அவ்வளவுதான்.

படம் மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், அது கருவியின் பழுதே அல்ல. சாய்ந்து மேலேறும் ஒளி, திரையின் மேற்பகுதிக்கு அதிகத் தூரம் போகிறது; போகும் தூரம் கூடினால் படம் பெரிதாகும். திரையின் மேல் விளிம்பைச் சுவரிலிருந்து முன்னால் சாய்த்துத் தொங்கவிட்டால் சதுரம் திரும்பக் கிடைக்கும். மேற்பகுதி தெளிவாகவும் கீழ்ப்பகுதி கலங்கலாகவும் தெரிந்தாலும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முகப்பு வில்லையின் குவியத்தூரம் 315 மில்லிமீட்டர், தளம் 285 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திரை 2 மீட்டரில் இருந்தால் படத்தின் அகலம் சுமார் 1.5 மீட்டர். 3 மீட்டருக்கு நகர்த்தினால் 2.4 மீட்டர். ஆனால் அதே ஒளி இரண்டரை மடங்கு பரப்பில் பரவுவதால் வெளிச்சம் 40 விழுக்காடாகக் குறையும். படத்தின் அகலத்தைப்போல் 6 மடங்கு தூரத்துக்குள் கடைசி வரிசை இருந்தால் போதும். 1.5 மீட்டர் படத்துக்கு அது 9 மீட்டர். நம் வகுப்பறைகளுக்கு இது தாராளம். எனவே படத்தைப் பெரிதாக்காதீர்கள். தாளில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். கடைசி வரிசைப் பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான் என்றால் பழுது எழுத்தில்தான்.

எதை எதால் துடைப்பது?

தளக்கண்ணாடியை ஈரத்துணியாலும் ஆல்கஹாலாலும் தாராளமாகத் துடைக்கலாம். ஃபிரெனல் தகட்டில் அந்தத் தாராளம் கூடாது. அது அக்ரிலிக் நெகிழி. ஆல்கஹால், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் எதுவும் அதன்மேல் படக் கூடாது. நுண்ணிய விரிசல்கள் விழும். முதலில் தூசியை ஊதித் தள்ளுங்கள். தூசியில் மணல்துகள் இருக்கும். மணல் கண்ணாடியையே கீறும், அக்ரிலிக் எம்மாத்திரம்? பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு துளி விட்ட தண்ணீரில் மென்துணியை நனைத்துப் பிழிந்து, வரிகள் போகும் வட்டப் போக்கிலேயே துடைத்துக் காயவிடுங்கள்.

முகப்பின் சாய்கண்ணாடி வீட்டுக் கண்ணாடியைப்போல் அல்ல. பலவற்றில் வெள்ளிநிறப் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கும். அழுத்தித் துடைத்தால் பூச்சே போய்விடும். ஊதுங்கள், போகாவிட்டால் மென்தூரிகையால் தொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஈரமும் இடியும்

மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் மாதச் சராசரியில் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. தைப்பிங் பக்கம் பெய்யும் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூட்டிய பொருளறை பூஞ்சைக்குப் பிடித்த இடம். வில்லையில் சிலந்தி வலைபோல் படரும் பூஞ்சை, அமிலத்தைச் சுரந்து கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடும். அரித்த தழும்பு துடைத்தாலும் போகாது.

இதற்கு விலையில்லாத மருந்து, கருவியைப் பயன்படுத்துவதுதான். வாரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் எரியவிட்டால் பல்ப்பின் சூடே உட்புறத்தை உலர்த்திவிடும். நீண்ட விடுமுறைக்கு முகப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றி, மூடியிட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஈரம் சேர்ந்த கருவியை நெகிழிப் பையில் இறுகக் கட்டி வைப்பது பூஞ்சைக்குக் கூடு கட்டிக் கொடுப்பதாகும். துணி உறையே நல்லது.

மாலை இடிமழை நமக்குப் பழக்கம். இடி கேட்டதும் பிளக்கைக் கழற்றச் சொல்வது தோட்ட வீடுகளில் பெரியவர்கள் தந்த பாடம். அறிவியலும் அதையே சொல்கிறது. சுவிட்ச்சின் சிறு இடைவெளியை மின்னலின் உயர் மின்னழுத்தம் தாவிவிடும். பிளக் வெளியே இருந்தால் தாவ வழியில்லை.

புதிய கருவிக்கும் இதே பத்தியம்

2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் தொடங்கியபோது பள்ளிகளுக்கு மடிக்கணினிகளும் எல்.சி.டி. படவீழ்த்திகளும் வந்தன. ஓ.எச்.பி. மெல்லப் பொருளறைக்குப் போனது. ஆனால் நோய்கள் மாறவில்லை. எல்.சி.டி. கருவியிலும் அடைத்த காற்று வடிகட்டிதான் முதல் எதிரி. மாதம் ஒருமுறை அதைக் கழற்றித் தூசி தட்டுங்கள். காற்றாடி நிற்கும்முன் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அதன் விளக்கில் பாதரசம் இருக்கலாம். விளக்கு உள்ளே வெடித்தால் மாணவர்களை வெளியேற்றி, சன்னல்களைத் திறந்துவிட்டு, காற்று மாறிய பிறகே அருகில் போங்கள்.

காப்பாற்ற முடியாதது

டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, பல்ப்பும் சந்தையில் கிடைக்காத கருவியை என்ன செய்வது? பள்ளிச் சொத்துப் பதிவேட்டில் அது இருக்கும். முறைப்படி நீக்கிய பிறகே பிரிக்க வேண்டும். மின்பாகங்கள் மின்கழிவு, 2005-ஆம் ஆண்டின் திட்டமிட்ட கழிவு விதிகளின் கீழ் அவை தனி வகையாகவே வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் குப்பைமேட்டில் கொட்டக் கூடாது.

முகப்பு வில்லையும் கண்ணாடியும் ஃபிரெனல் தகடும் அறிவியல் அறைக்குச் சொத்து. பூதக்கண்ணாடி, பிம்பம், ஒளிச்சிதறல் என்று பல பாடங்கள் அதில் இருக்கின்றன. ஓர் எச்சரிக்கை: ஃபிரெனல் தகட்டை வெயிலில் பிடிக்கும் விளையாட்டு வேண்டாம். 285 மில்லிமீட்டர் தகட்டின் மேல் உச்சி வெயிலில் ஏறக்குறைய 80 வாட் வெப்பம் விழுகிறது. அத்தனையும் ஒரு சிறு புள்ளியில் குவிந்தால் தாளும் துணியும் தீப்பிடிக்கும், கண்ணுக்கும் கேடு. சன்னலோரம் வைத்தால் ஆளில்லாத நேரத்திலும் அது வேலை செய்யும். கறுப்புத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வையுங்கள்.

ஒரு பக்கம் போதும்

கருவியின் மேல் ‘ரோசாக்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டுங்கள். அதில் ஐந்து விவரங்கள் போதும்: பல்ப்பின் வோல்ட், வாட், பிளக் ஃபியூஸின் அளவு, கடைசியாகப் பல்ப் மாற்றிய தேதி, கடைசியாகத் துடைத்த தேதி. உதிரி பல்ப் ஒன்றை உறையோடு பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பழுதானால், ‘காற்றாடி சுற்றுகிறது, ஒளி இல்லை’ என்றோ, ‘பத்து நிமிடத்தில் அணைகிறது’ என்றோ கண்டதை அப்படியே எழுதுங்கள். ஆசிரியர்கள் மாற்றலாகிப் போவார்கள். தாளில் எழுதியது பள்ளியில் இருக்கும். அடுத்து வருபவர் அந்த ஒரு வரியிலிருந்து தன் வேலையைத் தொடங்கலாம்.